வலது காது தண்டவாளத்தில் விழுந்த பிறகு

பெங்களூரில் அல்சூர் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கும்போது பின்னால் வந்தவரின் முதுகுப்பை என் தோளில் இடித்தது. வலது காதில் இருந்த பட், அதாவது ஒயரில்லாத இயர்போன், கழன்று, நடைமேடையில் ஒரே ஒரு முறை துள்ளி, ரயிலுக்கும் மேடைக்கும் நடுவில் இருக்கும் அந்த நாலு விரல் சந்துக்குள் போய்விட்டது. குறி பார்த்து எறிந்திருந்தால்கூட அவ்வளவு சரியாக விழுந்திருக்காது. இடது காதில் பாட்டு எதுவுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது.

ரயில் போனதும் எட்டிப் பார்த்தேன். வெள்ளையாகத் தெரிந்தது. அதே பள்ளத்தில்தான் மூன்றாவது தண்டவாளமும். நம்ம மெட்ரோவுக்கு மின்சாரம் மேலே கம்பியில் வருவதில்லை. கீழே இந்தத் தண்டவாளத்தில்தான் 750 வோல்ட் வருகிறது. செக்யூரிட்டி அண்ணன் என்னைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். “ஹோயித்து சார்” என்றார். போயிடுச்சு என்று தமிழில் சொன்னால் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருக்கும். கன்னடத்தில் அதுவும் இல்லை.

அடுத்து எதை வாங்குவது என்று முடிவு செய்ய மூன்று வாரம் ஆனது. பெண் பார்க்கக்கூட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஆனது. என் மனைவி இதை மறக்காமல் இரண்டு தடவை சொல்லிக்காட்டினாள்.

என் தேவை பெரிதாக ஒன்றும் இல்லை. அல்சூரிலிருந்து குந்தலஹள்ளிக்கு ரயிலில் பாட்டு. ஆபீஸில் மீட்டிங். ராத்திரி கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவோடு அரை மணி நேரப் பேச்சு. அப்புறம், மாடி வீட்டில் நான்கு மாதமாக நடக்கும் டைல்ஸ் வேலையிலிருந்து விடுதலை. கடைசித் தேவைதான் என்னைக் கடன் வாங்கும் அளவுக்குக் கொண்டுபோகப் பார்த்தது.

முதலில் எல்லோரும் யோசிப்பதையே நானும் யோசித்தேன்: தொலைந்த ஒற்றை பட்டை மட்டும் வாங்கினால் என்ன? கம்பெனிக்குப் போன் செய்தேன். பெயர் வேண்டாம். ஜோடி விலையில் முக்கால் பங்கு கேட்டார்கள். போதாததற்கு, கையில் இருக்கும் இடது பட்டையும் சார்ஜ் ஏற்றும் கேஸோடு அனுப்ப வேண்டும், இரண்டையும் அவர்கள்தான் ஜோடி சேர்ப்பார்கள், 15 வேலை நாள் ஆகும் என்றார்கள். கோயில் வாசலில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்தவன் மிச்ச ஒன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வருவது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, ஒற்றைக் காதிலேயே காலம் தள்ளலாமா என்றும் பார்த்தேன். பேச்சுக்குப் போதும். பாட்டுக்குப் போதாது. எண்பதுகளின் இளையராஜா பாட்டில் ஒரு பக்கம் கிடார் கேள்வி கேட்கும், மறுபக்கம் வயலின் பதில் சொல்லும். எனக்கு நாலு நாள் வெறும் கேள்விகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

அப்படியானால் புது ஜோடி பட்ஸ். 1,200 ரூபாயிலிருந்து 25,000 வரை இருக்கிறது. இந்த இடத்தில்தான் நான் இணையத்துக்குள் தலைகுப்புற விழுந்தேன். ஒருவர் புது இயர்போனை 100 மணி நேரம் ‘பழக்க’ வேண்டும் என்கிறார், ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி. இன்னொருவர் வெள்ளி ஒயர் போட்டால் தபலா ஜாகிர் உசேனின் விரல் நகம் தெரியும் என்கிறார். பெட்டியின் மேல் தங்க நிறத்தில் ‘ஹை-ரெஸ்’ முத்திரை இருப்பதைத்தான் வாங்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. அந்த முத்திரை கிடைக்க இயர்போன் 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்க வேண்டுமாம். மனிதக் காது நல்ல வயதில் கேட்பதே 20,000 வரைதான். மிச்சம் வௌவாலுக்கு.

என் காது எதுவரை கேட்கிறது என்று பார்த்துவிடலாமே என்று, சீரான ஒலி எழுப்பும் ஒரு இணையதளத்தை ராத்திரி பத்து மணிக்குத் திறந்தேன். 8,000, 10,000, 12,000 வரை கம்பீரமாக வந்தேன். 13,000 தாண்டியதும் அமைதி. தளம் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒலியைக் கூட்டினேன். உள் அறையிலிருந்து மகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். “என்னப்பா பண்ற? மண்டைக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கு!” அவளுக்கு 17,000 தெளிவாகக் கேட்கிறது. வயது ஏற ஏற மேல் சுருதிதான் முதலில் போகும். பிரிட்டனில் இதை வைத்தே ‘மஸ்கிட்டோ’ என்று ஒரு கருவி செய்தார்கள். 17,400 ஹெர்ட்ஸில் கீச்சிட்டு, கடை வாசலில் கூட்டம் போடும் இளவட்டங்களை மட்டும் துரத்தும். பெரியவர்கள் ஒன்றும் தெரியாமல் காய்கறி வாங்கிக்கொண்டு போவார்கள்.

அந்த ராத்திரியோடு 10,000 ரூபாய்க்கு மேல் இருந்த பட்ஸ் எல்லாம் என் பட்டியலிலிருந்து போய்விட்டன. 13,000 ஹெர்ட்ஸில் முடியும் காதுக்கு 40,000 ஹெர்ட்ஸ் கருவி, பல் செட் போட்டவன் கமர்கட்டு வாங்கியது போல. ப்ளூடூத் கணக்கும் இதே கதிதான். சி.டி.யில் நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கும். எல்லா ப்ளூடூத் கருவிக்கும் பொதுவான எஸ்.பி.சி. என்ற சுருக்கும் முறை அதைச் சுமார் 328-ஆகச் சுருக்குகிறது. எல்டாக் என்ற முறை 990 வரை போகும். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டால் வித்தியாசம் தெரியலாம். பையப்பனஹள்ளியில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவரின் டிபன் பாக்ஸ் விலாவில் குத்த, எனக்குத் தெரியாது.

ஆனால் பட்ஸை நான் தள்ளிவைக்க உண்மையான காரணம் அம்மா. போன இரண்டு வருஷமும் தினம், “என்னடா, கிணத்துக்குள்ளேர்ந்து பேசறே?” என்பாள். மீட்டிங்கிலும் அதே புகார், இங்கிலீஷில். இது மைக்கின் தவறு மட்டும் இல்லை. ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு வேறு பாதை. மைக் திறந்த மறுகணம் கருவி பேச்சுப் பாதைக்கு இறங்கிவிடும். பழைய முறையில் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து அனுப்பும், கொஞ்சம் புதியதில் 16,000 முறை. சி.டி.க்கு 44,100 என்பதை வைத்துப் பார்த்தால் எவ்வளவு இறக்கம் என்று தெரியும். போதாததற்கு மைக் காதோரத்தில் இருக்கிறது, வாய் ஒரு சாண் தள்ளி இருக்கிறது. நடுவில் அல்சூர் மார்க்கெட் ரோட்டின் ஆட்டோ எல்லாம் பேசுகின்றன.

இன்னொன்று பேட்டரி. வாங்கியபோது ஐந்து மணி நேரம் பாடிய என் பட்ஸ், இரண்டாம் வருஷ முடிவில் இரண்டு மணி நேரத்தில் சோர்ந்து விழுந்தது. கடுகளவு லித்தியம் பேட்டரி, சில நூறு முறை சார்ஜ் ஏறினால் தளர்ந்துவிடும். மாற்றலாம் என்றால் பசை போட்டு ஒட்டி மூடியிருக்கிறார்கள். திறந்தால் உடையும், உடையாவிட்டால் திறக்காது. நீங்கள் ஜிம்முக்குப் போகிறவர், பொருளைத் தொலைக்காதவர், அம்மாவோடு வீடியோவில் மட்டும் பேசுகிறவர் என்றால் 2,000 ரூபாய்க்குள் ஒரு பட்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் ஒருவரிடமே அமைந்து நான் இன்னும் பார்க்கவில்லை.

கழுத்தைச் சுற்றிப் போடும் நெக்பேண்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருப்பதிலேயே புத்திசாலித்தனமானது அதுதான். காதிலிருந்து விழுந்தாலும் கழுத்தில் தொங்கும். பேட்டரி பெரிது. ஹெல்மெட்டைக் கழற்றும்போது பறந்து போகாது. பெங்களூரில் டெலிவரி தம்பிகளும் ஆட்டோ ஓட்டுநர்களும் நாளெல்லாம் அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள். ஒரு பொருளைப் பற்றி அதை வைத்துப் பிழைப்பவர்களைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் எனக்கு வேண்டாம். கண்ணாடி முன்னால் மாட்டிப் பார்த்தேன், மூக்கணாங்கயிறு கழுத்துக்கு இறங்கிய மாடு போல இருந்தது. வெறும் வீம்புதான். உங்களுக்கு அந்த வீம்பு இல்லை என்றால் இங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டு ஒன்று வாங்கிவிடலாம்.

இப்போது பெரிய ஆசைக்கு வருகிறேன்: காதை முழுக்க மூடும், வெளிச் சத்தத்தை அழிக்கும் ஹெட்போன். நல்லது என்று எல்லோரும் கைகாட்டுவது 20,000 ரூபாயைத் தாண்டும். ஆபீஸ் நண்பர் ஒருவர் ஊருக்குப் போகும்போது தன்னுடையதை ஒரு வாரம் கொடுத்துவிட்டுப் போனார். ஆபீஸில் முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது ஏசியின் ‘ம்ம்ம்’ என்ற ஓசை சட்டென்று காணாமல் போனது. அப்படி ஒரு ஓசை இத்தனை வருஷம் இருந்ததே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. ரயிலிலும் சக்கரத்தின் உறுமல் போய்விட்டது. இதற்கு எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அரை மணி நேரம் தோன்றியது.

இந்த யோசனை பழையது. பால் லூக் என்ற ஜெர்மானியர் இதற்கு 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். 1978-ல், போஸ் ஒலிக்கருவிக் கம்பெனியைத் தொடங்கிய அமர் போஸ் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போகும்போது, கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் சத்தம்தான் பாட்டைவிடப் பெரிதாகக் கேட்க, எரிச்சலில் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவர் அப்பா வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவர். மகனின் எரிச்சல் ஒரு தொழிலாகிவிட்டது. நானும் எரிச்சல்படுகிறேன், ஒன்றும் ஆவதில்லை.

சங்கதி எளிமையானது. வெளியே ஒரு குட்டி மைக் சத்தத்தைக் கேட்கும். உள்ளே இருக்கும் சில்லு அந்த அலைக்கு நேர் எதிர் அலையை உண்டாக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்து சமதளம். ஆனால் எதிர் அலை சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும். 100 ஹெர்ட்ஸ் உறுமலின் ஒரு அலை நீளம் சுமார் 3.4 மீட்டர், ஆட்டோவை விடவும் நீளம்; துளி தாமதமானாலும் பரவாயில்லை. 3,000 ஹெர்ட்ஸ் கீச்சொலியின் அலை 11 சென்டிமீட்டர்தான். அங்கே துளி பிசகினாலும் மேட்டின் மேல் மேடு ஏறிவிடும். அதனால் விமானம், ஏசி, ரயில் மாதிரி தாழ்ந்த, சீரான சத்தம்தான் இதற்கு இரை. கீச்சுச் சத்தங்களைத் தடுப்பது காதைச் சுற்றியிருக்கும் மெத்தையின் பாடு.

வீட்டுக்குக் கொண்டுவந்து, மாடியில் டைல்ஸ் கட்டர் ஓடும் நேரம் பார்த்து மாட்டினேன். அதன் அடி உறுமலை ஹெட்போன் அழகாக எடுத்துவிட்டது. மேலே இருக்கும் ‘கிரீரீச்’ மட்டும், பக்கவாத்தியம் இல்லாத தனிக்கச்சேரி போல, முன்னைவிடத் தெளிவாக வந்தது. என் பெரிய எதிரிக்கு மேடை அமைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்த வாரமே குக்கரில் பருப்பு ஐந்தாவது விசிலில் இறக்கப்பட வேண்டியிருந்தது, பொறுப்பு என்னுடையது. விசில் எங்கேயோ தூரத்தில் கேட்டது. பக்கத்து வீட்டு விசில் என்று நினைத்தேன். அன்றைக்கு ரசம் வைக்கப் பருப்பு இல்லை, பாத்திரம் தேய்க்க வேலை இருந்தது.

மெட்ரோவிலும் ஒன்று நடந்தது. பெங்களூருக்கு வந்த புதிதில் “முந்தின நில்தாண இந்திரா நகரா” என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் எனக்குப் பதற்றம் வரும். தமிழில் முந்தின என்றால் போய்விட்டது, கன்னடத்தில் அடுத்து வரப்போவது. தவறவிட்டுவிட்டோம் என்று எழுந்து நின்று, ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிய நாட்கள் உண்டு. இப்போது அந்தக் குரல் இல்லாமல் எனக்கு இறங்கத் தெரியாது. ஹெட்போன் மாட்டிய மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கீர்த்தனை கேட்டேன். திறந்தபோது பட்டந்தூர் அக்ரஹாரா. குந்தலஹள்ளி, தமிழ் அர்த்தத்தில், முந்திப் போய்விட்டது.

அடிக்கடி விமானம் ஏறுகிறவர்களுக்கும், இரைச்சல் நிறைந்த ஏசி ஹாலில் எட்டு மணி நேரம் உட்காருபவர்களுக்கும் இதைத் தாராளமாகச் சொல்வேன். வெளிச் சத்தம் குறைவதால் பாட்டின் ஒலியையும் குறைத்து வைக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம். சத்தமான ரயிலில் சாதா இயர்போனோடு போட்டியிட்டு ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தக் கணக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். இதுதான் ஹெட்போனுக்கு ஆதரவாக நான் ஏற்றுக்கொள்ளும் ஒரே நியாயமான வாதம். மற்றதெல்லாம் ஆசை.

நடுவில் என் மனைவி வேறொரு வழியும் சொன்னாள். “ஏங்க, ஒண்ணும் மாட்டிக்காம சும்மா உக்காந்துட்டு வந்தா என்ன?” இரண்டு நாள் அதையும் செய்தேன். முதல் நாள், எதிர் சீட்டில் ஒருவர் போனை ஸ்பீக்கரில் வைத்து ரீல்ஸ் பார்த்தார், ஒரே சிரிப்புச் சத்தம் நாற்பது தடவை. கே.எஸ்.ஆர்.டி.சி. அரசு பஸ்களில் இப்படி ஸ்பீக்கரில் போடக்கூடாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது. ரீல்ஸ் பார்ப்பவர்கள் தீர்ப்பு படிப்பதில்லை. இரண்டாம் நாள், பக்கத்தில் நின்ற இருவர் தங்கள் மேனேஜரைப் பற்றி கோயம்புத்தூர் தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள், இந்த ஊரில் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில். பாட்டைவிட நன்றாக இருந்தது. ஆனால் தினமும் அந்த அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது.

மிச்சம் இருந்தது ஒயர் வைத்த இயர்போன். அதற்கு, எலக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு போனேன். மழை பெய்தால் அந்தச் சந்துகளில் நடப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். கடைக்காரர் மார்வாடி. கன்னடத்தில் ஆரம்பித்தார். என் கன்னடத்தைக் கேட்டதும் இரக்கப்பட்டுத் தமிழுக்கு மாறினார்.

“போன்ல ஜாக் இருக்கா சார், டைப்-சியா?”

டைப்-சிதான், சார்ஜ் போடும் அதே துளை. 2016-ல் ஐபோன் 7-லிருந்து இயர்போன் சொருகும் ஜாக்கை எடுத்தபோது மேடையில் அதற்குத் ‘துணிச்சல்’ என்று பெயர் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஊரெல்லாம் துணிச்சல்.

“அப்போ கன்வர்ட்டர் வேணும். இது 80 ரூபா. இது 450.”

“என்ன வித்தியாசம்?”

“80 ரூபா உங்க போன்ல பாடாது சார்.”

நேர்மையான மனிதர். 80 ரூபாய் கன்வர்ட்டருக்குள் வெறும் ஒயர்தான் இருக்கும். போனே பாட்டை மின் அலையாக மாற்றி வெளியே அனுப்பினால்தான் அது பாடும். எல்லா போனும் அனுப்பாது. 450 ரூபாய் கன்வர்ட்டருக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. போனிலிருந்து பாட்டை எண்களாக வாங்கி அதுவே மின் அலையாக்கும். வாங்கும்போது இதை மட்டும் கடையிலேயே சொருகிப் பாருங்கள். அதோடு மைக் வைத்த, ஒயர் தனியே கழலும் இயர்போன் ஒன்று 650. ஆக 1,100 ரூபாய். ஒயர் அறுந்தால் ஒயரை மட்டும் மாற்றலாம். காதுக்குள் போகும் ரப்பரில் மூன்று அளவு கொடுத்தார். என் வலது காதுக்கும் இடது காதுக்கும் வேறு வேறு அளவு என்பது நாற்பத்தெட்டு வயதில் தெரிந்தது. சரியான ரப்பர் போட்டதும் டைல்ஸ் கட்டரின் ‘கிரீச்’ பாதிக்கு மேல் அடங்கியது. உறுமல் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

குறை இல்லாமல் இல்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டே சார்ஜ் போட முடியாது. ஒயர் சட்டையில் உரசினால் காதுக்குள் யாரோ கோணி இழுக்கும் சத்தம். கதவுக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, கோபித்துக்கொண்டு போகிறவனைக் காதைப் பிடித்து இழுப்பது போல நிறுத்தும். பையில் போட்டால் முடிச்சு விழும். இந்த முடிச்சு என் சாபம் என்றே நினைத்திருந்தேன். கலிபோர்னியாவில் ரேமர், ஸ்மித் என்ற இருவர் ஒரு பெட்டியில் கயிற்றைப் போட்டு 3,415 முறை உருட்டிப் பார்த்து 2007-ல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நீளமான கயிறு சில நொடியில் தானே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. 46 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் விழுவதில்லை. இதற்கு மறு வருஷம் இக்நோபல் கிடைத்தது. என் ஒயர் 120 சென்டிமீட்டர். இப்போது நான்கு விரலில் சுற்றி, மகளின் ஹேர் கிளிப் ஒன்றைப் போட்டு வைக்கிறேன்.

முதல் நாள் ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன். மைக் தாடைக்குக் கீழே தொங்கியது. “இப்பதான்டா பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு” என்றாள். கிணற்றிலிருந்து மேலே வந்ததைக் கொண்டாட, வழக்கத்தைவிடப் பத்து நிமிஷம் அதிகம் பேசினாள்.

நேற்று, சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் பந்தி எப்படி இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல் திடீரென்று நின்றுவிட்டது. ஒயரை ஆட்டினேன், கன்வர்ட்டரைக் கழற்றி மாட்டினேன், ஹலோ ஹலோ என்றேன். பார்த்தால், மேஜை இழுப்பறையில் பென்சில் அழிக்கும் ரப்பர் தேடிய மகள், பழைய கேஸைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கேஸ் திறந்ததும் இடது பட் விழித்து, ப்ளூடூத்தில் போனோடு சேர்ந்துகொண்டது. கடைசியாக வந்த விருந்தாளிக்குத்தான் முதல் மரியாதை என்பது என் போனின் கொள்கை. இழுப்பறைக்குள் ஸ்டேப்ளருக்கும் பழைய கரண்ட் பில்லுக்கும் நடுவில், மெல்லிய குரலில், அம்மா பாயசத்தில் முந்திரி குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.